கச்சேரி: பாட்டும் வழக்கும்

பெங்களூரில் அட்டாரா கச்சேரிக்கு வழி கேட்டால், விதான சௌதாவுக்கு எதிரே நிற்கும் சிவப்புக் கட்டடத்தைக் காட்டுவார்கள். அங்கே பாட்டு கிடையாது, வழக்குதான். கர்நாடக உயர் நீதிமன்றம் அது.

அட்டாரா என்பது இந்துஸ்தானியில் பதினெட்டு. மைசூர் அரசின் 18 இலாகாக்கள் திப்புவின் அரண்மனையிலிருந்து 1868இல் இந்தப் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்தன. கட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்ற தமிழர். ஆனால், இந்தப் பதினெட்டுக் கணக்கு கட்டடத்தைவிடப் பழையது. மைசூர் மன்னர் சிக்கதேவராய உடையார் ஔரங்கசீப்புக்குத் தூது அனுப்பி, முகலாய நிர்வாகத்தைக் கேட்டறிந்து, அதேபோல் 18 இலாகாக்களை வகுத்தார் என்று மார்க் வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் எழுதுகிறார். ஆக, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த பெயர் 19ஆம் நூற்றாண்டுச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது.

கச்சேரி, இந்துஸ்தானியில் கச்சஹரி. அதிகாரி அமர்ந்து மனு கேட்கும் இடம், அங்கே கூடும் கூட்டம் என இரண்டையும் அது குறித்தது. திப்புவின் காலத்தில் படைப்பிரிவுக்கும் இதே பெயர்! கும்பினி ஆட்சியில் அது கலெக்டர் அலுவலகமாயிற்று.

தமிழிலும் முதலில் அலுவலகம் என்ற பொருள்தான் வேரூன்றியது. தாலுகா கச்சேரியில் பட்டாவுக்கு அலைந்ததையும், போலீஸ் கச்சேரியில் கைகட்டி நின்றதையும் பழைய தலைமுறை சொல்லும். மயிலாப்பூரில் கச்சேரி சாலை இன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தைக் கச்சேரி என்றே சொல்கிறார்கள். கன்னடத்தில் அலுவலகம் எதுவானாலும் கச்சேரிதான். பெங்களூரில் அரசுப் பலகைகளைப் படித்தால் போதும்.

அப்படியானால் பாட்டு எங்கிருந்து வந்தது? கூட்டம் என்ற பொருளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பெரிய மனிதர் சபை கூட்டி அமர்ந்தால் வித்துவான் பாடுவார். கூட்டத்தின் பெயர் பாட்டுக்கு ஆகிவந்தது. அந்தப் பழைய பொருளுக்குச் சாட்சி பேச்சுவழக்கில் கிடக்கிறது: நாலு பேர் சேர்ந்தால் அரட்டைக் கச்சேரி, திண்ணையில் சீட்டுக் கச்சேரி. "வீட்டுக்கு வா, உனக்குக் கச்சேரி இருக்கு" என்று அம்மா மிரட்டும்போது மட்டும் விசாரணையும் தண்டனையும் சேர்ந்தே வருகின்றன.

பெங்களூரில், 1950களில் விதான சௌதா எழும்பியதும் அரசு இலாகாக்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டன. 1980களில் அட்டாரா கச்சேரியையே இடிக்கும் யோசனை எழுந்தது; எதிர்ப்பால் கட்டடம் பிழைத்தது. பதினெட்டும் போன பிறகும் பெயர் போகவில்லை.

தமிழ்நாட்டில் அலுவலகம், நீதிமன்றம் என்ற சொற்கள் வந்து கச்சேரியை மேடைக்குத் தள்ளிவிட்டன. அதிலும் ஒரு வேடிக்கை: நீதிமன்றத்தில் உள்ள மன்றம் ஊர் கூடும் பொதுவிடம். கச்சேரியை விரட்டிவிட்டுத் தமிழ் கொண்டுவந்ததும் இன்னொரு கூட்டத்தைத்தான். பலர் முன் கேட்டுச் சொல்வதே நீதி என்பதில் இரண்டு சொல்லுக்கும் ஒரே கருத்து.