கோழி உறை கூடும் உமணர் வாழ்க்கையும்

தோற்றுவாய்

பண்டைத் தமிழர் வாழ்வியலை ஆராயப் புகுந்தோர் மதிலையும் மாடத்தையும் நாவாயையும் குறித்து விரிவாக எழுதினர். மனைமுற்றத்தின் மூலையில் இருந்த கோழிக்கூட்டைப் பொருளாகக் கொண்டார் மிகச் சிலரே. எனினும் சங்கப் புலவர் அக்கூட்டை மறந்திலர். அவர் தரும் குறிப்புகளைத் தொகுத்து, உப்பு விளையும் மரக்காணக் கரையை முன்னிறுத்தி நோக்கின், உழைக்கும் குடியின் மனை எத்தகையது என்பதற்கு நல்லதொரு சான்று கிடைக்கின்றது. அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ளது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பர் அறிஞர் பலர். அந்நூலின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. நூலாசிரியர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு மரக்காணத்திற்கு வடக்கே கடலோரமாகக் கிடக்கின்றது. ஆதலின் கழியும் உப்பும் உமணரும் அப்புலவர்க்குக் கேள்வியறிவு அல்ல, கண்டறிந்த வாழ்வு.

கானக்கோழியும் மனைக்கோழியும்

தொல்காப்பிய உரையாசிரியர்கள் கருப்பொருள் கூறுமிடத்து முல்லைக்குரிய புள்ளாகக் கானக்கோழியைக் காட்டினர். நெய்தற்கு அன்றில் முதலியவற்றை உரைத்தனர். மனைக்கோழியை எந்நிலத்திற்கும் சிறப்பாக உரிமை செய்திலர். இஃது அவர் விட்ட குறையன்று. கானக்கோழி நிலத்திற்கு உரியது. மனைக்கோழி மனைக்கு உரியது. மனை எங்கே உண்டோ, அங்கெல்லாம் அது உண்டு. மரபியலும் அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகக் கூறியுள்ளது. தனிப்பெயர் வழங்கும் அளவிற்கு அப்பறவை மக்களோடு பழகியிருந்தது.

இவ்விரு கோழிகளின் உறவை இக்கால மரபணு ஆய்வும் தெளிவாக்கியுள்ளது. மனைக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழியே. ஆயினும் இன்றைய வளர்ப்புக் கோழிகள் பலவற்றின் மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபுக்கூறு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிலிருந்து வந்ததென 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று நிறுவியது. முல்லையின் கானக்கோழியும் முற்றத்துக் கோழியும் முற்றிலும் உறவற்றன அல்ல. காட்டில் மரக்கிளையில் அடையும் பறவையை மனைக்கு உரியதாக்கியது, மக்கள் அதற்கு அமைத்துக் கொடுத்த உறையுளே ஆகும்.

வண்டியிற் கூடு

அவ்வுறையுளைப் பற்றிய தெளிவான பழங்குறிப்பு உழவர் மனையில் இல்லை. உமணர் வண்டியில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் நெடுவழிச் செல்லும் உப்பு வண்டியை வருணிக்கின்றார். தினைப்புனங் காப்பார் குடிலை ஒத்த கூரை அவ்வண்டிக்கு உண்டு. காடி வைத்த கலம் கயிற்றாற் பிணிக்கப்பட்டுள்ளது. கோழி சேக்கும் கூட்டினையுடைய வாயிலில் சிறிய உரல் தொங்குகின்றது. மகவை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள்.

இவற்றுள் ஒன்றும் விற்பனைப் பொருளன்று. கூரை, காடி, உரல், கோழிக்கூடு, குழந்தை ஆகிய ஐந்தும் சேர்ந்தால் அது வண்டியன்று, மனை. சிறுபாணாற்றுப்படையில் உமணர் வண்டி வரிசையோடு மந்தியும் வந்து, அவர்தம் மக்களோடு விளையாடுகின்றது. இரு நூல்களும் கூறுவது ஒன்றே: உமணர் பொருள் விற்கப் பிரிந்து சென்று மீள்வார் அல்லர்; குடியோடு பெயர்ந்து செல்வார். கோழிக்கூடு நிலைத்த குடியிருப்பின் அடையாளம் என்னும் எண்ணத்தை இச்சான்று மறுக்கின்றது. அதனை வருணனை அழகுக்காகச் சேர்த்த ஒன்றெனக் கொண்டு கடந்து செல்வோமாயின், உப்பு வணிகத்தில் பெண்டிரும் குழந்தைகளும் பெற்றிருந்த இடத்தையே கடந்தவராவோம்.

சேத்தல் என்பது தங்குதல் எனப் பொருள்படும்; சேக்கை என்னும் பெயர் மக்கள் படுக்கைக்கும் பறவை உறையுளுக்கும் ஒப்ப வழங்கியது. பிற்காலத்தே வழங்கும் பஞ்சாரம் என்னும் சொல் பஞ்சரம் என்னும் வடசொல்லின் திரிபாகும்.

இப்புலவரே பட்டினப்பாலையையும் பாடினார். அந்நூலில் முற்றத்தில் உலரும் உணவைக் கவர வரும் கோழியின் மேல் மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அது சிறுவரின் மூன்று சக்கரத் தேரைத் தடுக்கின்றது. அதனையடுத்தே உப்பை விற்று நெல்லைக் கொண்டு மீளும் படகுகள் பேசப்படுகின்றன. பின்னர்ப் பன்றியும் கோழிகளும் உறைகிணறும் உடைய புறச்சேரி வருகின்றது. உப்பு நெல்லாயிற்று, நெல் முற்றத்திற்கு வந்தது, முற்றத்து நெல் கோழியை வளர்த்தது. கழிக்கரையில் கோழி வாழ்ந்தமைக்குரிய பொருளியல் இதுவே.

வெருகும் விளக்கும்

கூடு எதற்காக அமைந்தது என்பதற்கு விடை தருவன பிற மூன்று பாடல்கள். மூன்றிலும் பகை வெருகாகிய காட்டுப்பூனையே.

குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலையில் வேலியருகே வெருகு வரக் கண்டு, புகுவதற்கு இடம் அறியாமல் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் பெட்டையை உவமையாக்கினார். இவ்வுவமை பறவையியல்பிற்கு மிகவும் பொருந்துவது. குஞ்சுகளற்ற கோழி உயரத்தில் ஏறி அடையும். இளங்குஞ்சுகளை உடைய பெட்டை தரையை விட்டு ஏற இயலாது. கூடு இல்லையேல், அல்லது இருந்தும் உரிய பொழுதில் திறந்து வைக்கப்படவில்லையேல், அதற்குப் புகலிடம் இல்லை.

குறுந்தொகை 107ஆம் பாடலில் மதுரைக் கண்ணனாரின் தலைவி, விடியலை அறிவித்துத் துயில் எழுப்பிய சேவலை வெருகின் குட்டிக்கு இரையாகுக எனச் சினந்து கூறுகின்றாள். அவ்வெருகு நள்ளிரவில் இல்லெலியை எதிர்நோக்கி இருப்பது என்னும் குறிப்பு உன்னத் தக்கது. சிந்திய தவசம் எலியை அழைக்கும். எலி வெருகை அழைக்கும். கூட்டினருகே இரவில் இரை கிடத்தலாகாது என்பது இன்றும் கோழி வளர்ப்போர் போற்றும் நெறி.

புறநானூறு 326ஆம் பாடலில் தங்காற் பொற்கொல்லனார் காட்டும் காட்சி இன்னும் நுண்ணியது. வெருகுக்கு அஞ்சிய இளம்பெட்டை இரவில் அலறுகின்றது. பஞ்சினைத் தூய்மை செய்ய எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கு ஒளியில் சேவலைக் கண்டபின் அதன் அச்சம் தணிகின்றது. இரவெல்லாம் தொழில் செய்யும் பெண்ணின் விளக்கே கோழிக்கும் காவலாயிற்று. வண்டியில் கூட்டைக் கொண்டு செல்பவளும் பெண். முற்றத்தில் கோழியை ஓட்டுபவரும் பெண்டிர். இரவில் விளக்கேந்தியவளும் பெண். கோழிச் செல்வம் மகளிர் பொறுப்பில் இருந்தது என முடிபு செய்தல் பொருந்தும்.

சேரியும் சேவலும்

ஆடவர் ஈடுபாடு சேவற்போரில் வெளிப்படுகின்றது. புறப்பொருள் வெண்பாமாலை கோழி வென்றியை ஒழிபிற் கூறும். இதற்குக் கல்வெட்டுச் சான்று மரக்காணத்திற்கு அண்மையிலேயே உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்டு மாண்ட சேவலுக்கு நடுகல் எடுக்கப்பட்டுள்ளது. வடக்கே இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழியாகிய பொற்கொற்றிக்கு ஒரு கல் உண்டு. சேவலுக்குப் பெயரும் சேரியும் குறித்துக் கல் நாட்டியோர், அதனை உறையுளின்றி விட்டிருப்பர் என எண்ணுதற்கு இடமில்லை.

களர்நிலத்துக் கூடு

இனி, உப்பளக் கரையில் கூடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை நோக்குவாம். உவர்மண் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில் எச்சம் அழுகி நெடியாகிக் கோழியின் மூச்சைக் கெடுக்கும். ஆதலின் இங்குக் கூட்டின் தளம் நிலத்தினின்று உயர்ந்திருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குக் காற்றோடு வருதலால் வாயில் அத்திசை நோக்குதல் ஆகாது. பனையோலையும் சவுக்குக் கழியும் இக்கரையில் எளிதிற் கிடைப்பன. கழிகளின் பிளவுகளில் பகலில் ஒளிந்து இரவில் குருதி உறிஞ்சும் செவ்வுண்ணியை நீக்க, கூட்டை வெயிலில் உலர்த்திச் சாம்பல் தூவுதல் பழைய முறை. உவர்நீர் குஞ்சுகளுக்கு நஞ்சாதலின் நன்னீர்க் கலம் தனியே வேண்டும்.

இவற்றோடு உமணர் வண்டியை ஒப்பிடுக. தளம் உயர்ந்தது, கீழே காற்று உலவுவது, நாளும் இடம் பெயர்தலால் எச்சம் ஓரிடத்தில் குவியாதது. இக்காலத்தார் பரிந்துரைக்கும் நகரும் கூட்டின் நலன்கள் அனைத்தும் அதன்கண் இருந்தன.

முடிபு

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையெங்கும் கற்காரை வீடுகள் மிகுதியாக எழுந்தன. 2020ஆம் ஆண்டு நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயலைத் தாங்கும் வீடு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின் முற்றமும் புறக்கடையும் இன்றி வகுக்கப்படும் வீட்டில் கோழிக்கு இடமில்லை. மழைக்காலத்தே உப்புத் தொழில் நிற்கும்போது குடும்பத்திற்கு முட்டையாகவும் காசாகவும் உதவும் சிறு செல்வமும் அதனோடு போகும். ஓடும் வண்டியிலும் கோழிக்கு ஒரு கூடு வைத்தவர் உமணர். உழைப்போர்க்கு மனை வகுப்போர் பெரும்பாணாற்றுப்படையின் அப்பகுதியைக் கற்றல் நன்று. நம் துறை மாணவர் இக்கரையூர்களில் வழங்கும் கூட்டு வகைகளையும் அவற்றின் பெயர்களையும் தொகுப்பாராயின், உரைகளில் விளங்காத சொற்கள் பலவற்றிற்கு வழக்காற்றுச் சான்று கிடைக்கும்.