அம்மா போட்ட சத்தம்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், எம் பொண்ணு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படிக்கிறா. கங்கா நல்லவளா கெட்டவளான்னு என்னைக் கேக்குறா. என்ன சொல்லட்டும்?" என்றாள். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நாவல் பிறந்த கதை. 1966இல் ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் 'அக்னிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழை, பஸ் நிறுத்தம், முன்பின் தெரியாத ஒருவனின் கார், ஒரு கல்லூரிப் பெண். அழுதுகொண்டு வீடு வந்தவளை அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, எல்லாம் போயிற்று என்று தேற்றுகிறாள். அவ்வளவுதான். அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று சண்டைக்கு வந்தார்கள். முடிவை மாற்றி எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

சரி, நீங்கள் சொல்கிற தாயையே வைத்துப் பார்ப்போம் என்று அவர் எழுதியதுதான் நாவல் என்பது என் எண்ணம். இதில் அம்மா கனகம் கத்திவிடுகிறாள். ஊர் கூடுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். பல ஆண்டுகள் கழித்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் கங்கா ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்பவர் எழுதிய கதையைப் படிக்கிறாள். தன் கதையேதான், ஆனால் அதில் அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள்! நான் எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். காரில் நடந்தது இரண்டிலும் ஒன்றே. அம்மாவின் குரல் வாசலைத் தாண்டியதா இல்லையா என்பதுதான் வேறு.

அவளைப் படிக்க வைத்தவர் வெங்கு மாமா. தஞ்சாவூர் வக்கீல், கெட்டிக்காரர். படிப்பைக் கொடுத்த கையே அவளைத் தொடவும் நீளுகிறது. நீ இனி யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாக இருக்கலாம் என்கிற வாதம் அவருடையது. முடிந்தால் அந்தக் கார்க்காரனைத் தேடிப் பிடிக்கட்டுமே என்ற சவாலும் அவருடையதுதான். அவளும் பிரபுவைத் தேடிப் பிடிக்கிறாள். அவனோ மனைவி, பிள்ளைகள் உள்ளவன். 1955 இந்து திருமணச் சட்டப்படி இரண்டாவது கல்யாணத்துக்கு வழியில்லை. அவர்களுக்குள் உடலுறவு இல்லை, பேச்சுத் துணைதான். ஊர் வைக்கிற பெயரை மறுக்காமல் அவளே எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

இதைத்தான் விடுதலை என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மாமா போட்டுக் கொடுத்த பாதையில்தானே போகிறாள்? மாமாவைத் தள்ளி நிற்க வைத்தாளே, அங்கேதான் எனக்குக் கங்கா தெரிகிறாள். பிரபு விலகியதும் அவள் குடியில் விழுவதைப் படித்து ஜெயகாந்தன்மேல் எனக்குக் கோபமே வந்தது. அவரும் அதோடு விடவில்லை, 'கங்கை எங்கே போகிறாள்' என்று தொடர்ந்தார்.

நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் லட்சுமி நடித்துப் படமாக வந்தது. நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. வயசுப் பெண் பார்க்கிற படமா என்று வீட்டில் விடவில்லை. ஆசிரியர் பயிற்சி விடுதியில்தான், காலண்டர் தாளில் அட்டை போட்டு, புத்தகமாகப் படித்தேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் இருக்கும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் மதியம் தாமதமாக வந்தாள். யாரோ ஒரு பையன் சைக்கிளில் கொண்டுவந்து விட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். "யார்கூடடி சுத்திட்டு வர்றே?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். பாட்டிக்கு மருந்து வாங்கப் போனாள், அவன் பெரியப்பா மகன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பேச்சு அவள் தெருவுக்குப் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன், வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குள் இந்த நாவலை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'நீக்கம்' என்று எழுதியதும் என் கைதான்.