விட்டுவிடுகிற இசிவும் விடாத இசிவும்

ராத்திரி ரெண்டு மணிக்கு கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகி, "ஐயோ அம்மா"ன்னு எழுந்து உட்காராதவங்க யாராவது இருக்கீங்களா? ஊருக்கு ஊர் அதுக்கு ஒரு பேரு. குரக்களி பிடிச்சுக்கிச்சும்பாங்க, நரம்பு சுருட்டிக்கிச்சும்பாங்க. கால் விரலைப் பிடிச்சு முகத்துப் பக்கமா இழுத்தா கொஞ்ச நேரத்துல விட்டுடும். காலையில மறந்தும் போயிடும். அப்படி விட்டுடுற இசிவு பெரும்பாலும் பயப்படற விஷயம் இல்லை.

நான் எழுத வந்தது விடாத ஒரு இசிவைப் பத்தி. நம்ம ஊர்ல ரண ஜன்னி, டாக்டர் பாஷையில டெட்டனஸ். ஈழத்து நண்பர்கள் ஏற்பு என்பார்கள், அதுக்குப் போடுறது ஏற்பூசி. (முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பழைய கதை தோண்டுற ஆசாமி, அவ்வளவுதான்.)

கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் ஒரு கப்பல் தலைவனின் கதை வருது. நங்கூரத்துல வலது கை ஆள்காட்டி விரல் நசுங்கிடுச்சு. ஏழு நாள் கழிச்சு புண்ணிலிருந்து கொஞ்சம் சீழ். அப்புறம் நாக்கு சரியா புரளலை, பேச்சு குழறுது. அடுத்து தாடை இறுகிப் பல் கிட்டிக்கிச்சு. பிறகு கழுத்து. பிறகு முதுகு வில்லா வளைஞ்சுது. சில நாள்ல ஆள் போயிட்டான். அதே ஹிப்போக்ரடீஸ் மரபில் ஒரு கணக்கும் உண்டு: இந்த நோய் வந்தவன் நாலு நாளைத் தாண்டிட்டா பிழைச்சுக்குவான். கவனிங்க, வைத்தியம் எதுவும் இல்லை. நாள் எண்ணுறது மட்டும்தான்.

அந்த நிலைமை 2,000 வருஷத்துக்கும் மேல மாறலை. 1809ல் ஸ்பெயினின் கொருன்னா போரில் அடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கப்பலில் ஊர் வந்து சேர்ந்தாங்க. அவங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போன சார்லஸ் பெல் நல்ல ஓவியரும்கூட. அவர் வரைஞ்ச ஒரு ஜன்னி நோயாளியின் படம் இன்னிக்கும் மருத்துவப் புத்தகங்கள்ல வருது. உடம்பு முழுக்க வில்லு மாதிரி வளைஞ்சு, பின்தலையும் குதிகாலும்தான் படுக்கையில் ஊன்றியிருக்கு. முகத்துல சிரிப்பு மாதிரி ஒரு இளிப்பு. சிரிப்பில்லை, முகத் தசை இறுகினதால வர்ற கோரம். இந்த நோயில் நினைவு தப்பாது. நடக்கறது எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியும். கதவு படார்னு சாத்தினாலோ, வெளிச்சம் முகத்துல பட்டாலோ அடுத்த இசிவு வந்துடும்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது இன்னொரு கதை. ஹென்றி டேவிட் தோரோ. காந்தி விரும்பிப் படிச்சவர்ங்கிறதால நமக்கும் தெரிஞ்ச பேரு. அவருக்கு ஜான்னு ஒரு அண்ணன். 1842 ஜனவரி 1ஆம் தேதி, அமெரிக்காவின் கான்கார்டு ஊர்ல, சவரக்கத்தியைத் தீட்டும்போது ஜானுக்கு விரல் நுனியில ஒரு சின்ன வெட்டு. துணியைச் சுத்திட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டார். சில நாள்ல தாடை இறுகிச்சு. 11ஆம் தேதி தம்பி கையிலேயே உயிர் போச்சு.

கதை அதோட முடியலை. அதே மாசம் 22ஆம் தேதி ஹென்றிக்கும் தாடை இறுகிச்சு! உடம்புல ஒரு கீறல்கூட இல்லை. ஆனா அண்ணனுக்கு வந்த அதே அறிகுறிகள். வீட்டுல எல்லாரும் நடுங்கிப் போனாங்க. அப்புறம் மெல்ல மெல்ல தானா சரியாயிடுச்சு. அது துக்கம் உடம்புல ஏறின இசிவு. ஒரே வீட்டுல, பத்து நாள் இடைவெளியில, பார்க்க ஒரே மாதிரி ரெண்டு இசிவு. ஒண்ணு கொன்னுது, ஒண்ணு விட்டுடுச்சு. எது எதுன்னு அன்னிக்கு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பதில் காலுக்குக் கீழேயே கிடந்தது. 1884ல் ஜெர்மனியில் ஆர்தர் நிக்கொலையர் தோட்டத்து மண்ணை எடுத்துப் பிராணிகளுக்குச் செலுத்தினார், இசிவு வந்தது. அதே வருஷம் இத்தாலியில் கார்லே, ரட்டோனே என்ற ரெண்டு பேர், நோயாளியின் சீழிலிருந்து முயலுக்கு நோயை வரவச்சாங்க. 1889ல் கிடசாடோ என்ற ஜப்பானியர் பெர்லினில் அந்தக் கிருமியைத் தனியா பிரிச்செடுத்தார். கலவையை 80 டிகிரிக்குச் சூடாக்கினா மத்த கிருமியெல்லாம் செத்துடும், இதோட வித்து மட்டும் பிழைச்சுக்கும். அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாம வளர்த்தார். எளிமையான யோசனை, ஆனா யாருக்கும் தோணலையே. 1890ல் அவரும் பெஹ்ரிங்கும் சேர்ந்து விஷமுறி சீரத்தையும் கண்டுபிடிச்சாங்க. 1901ல் முதல் மருத்துவ நோபல் பெஹ்ரிங்குக்கு. கிடசாடோவுக்கு ஒண்ணும் இல்லை. (அந்த வயித்தெரிச்சலைத் தனியா எழுதணும்.)

கிருமி புண்ணிலேயே உட்கார்ந்திருக்கும். அது விடுற விஷம்தான் நரம்பு வழியா தண்டுவடத்துக்கு ஏறுது. ஏறிப் போய் 'பிரேக்'கைப் பிடுங்கிடுது. கையை மடக்கும்போது மடக்குற தசை இறுகணும், நீட்டுற தசை தளரணும். தளரச் சொல்ற உத்தரவு நின்னு போனா ரெண்டும் ஒண்ணா இறுகும். அதான் வில்லு. நரம்புக்குள்ள ஏறிட்ட விஷத்தை இன்னிக்கும் எடுக்க முடியாது. வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில வச்சு, நரம்பு தேறுற வரைக்கும் காப்பாத்தணும்.

அப்போ எப்பத்தான் பயப்படணும்? குரக்களி ஒரு சதையில வரும், நீட்டி விட்டா போயிடும். வாய் திறக்க முடியலை, முழுங்க முடியலை, கழுத்து விறைக்குது, வயிறு பலகையா இருக்கு, இசிவு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பரவுதுன்னா வீட்டு வைத்தியம் பார்க்காம உடனே ஆஸ்பத்திரி. கடந்த மூணு வாரத்துல பட்ட காயம் எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லணும். முள்ளு குத்தினதும் கணக்குதான்.

துரு பிடிச்ச ஆணின்னு எல்லாரும் சொல்றோமே, துருவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆணி ஆழமா இறங்குது, காத்து போகாத இடத்துல மண்ணைக் கொண்டு வைக்குது. வில்லன் மண்ணும் சாணமும். பிறந்த குழந்தைகளை இது கொன்னதும் அப்படித்தான், சுத்தமில்லாத கத்தியால தொப்புள்கொடியை வெட்டினதால. 1988ல் மட்டும் உலகத்துல 7,87,000 சிசுக்கள் இதில் செத்ததா உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கர்ப்பிணிகளுக்கு ஊசி, சுத்தமான பிரசவம்னு படிப்படியா குறைஞ்சு, 2015ல் தாய் சேய் ஜன்னி ஒழிக்கப்பட்ட நாடா இந்தியாவை அந்த நிறுவனம் ஏத்துக்கிச்சு.

ஆனா பெரியம்மை மாதிரி இதை மொத்தமா ஒழிக்க முடியாது. கிருமி மண்ணுல இருக்கு. ஆளுக்கு ஆள் ஒட்டுற நோயும் இல்லை, அதனால பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கிட்ட ஊசி நம்மைக் காப்பாத்தாது. இன்னொரு விசித்திரம்: ஒரு தடவை வந்து பிழைச்சவனுக்குக்கூட எதிர்ப்பு சக்தி வராது. அவ்வளவு துளி விஷமே ஆளைக் கொல்லப் போதும், உடம்புக்குப் பாடம் படிக்க அது போதாது. அவனும் ஊசி போட்டுக்கிட்டே ஆகணும்.

இந்தியாவில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் ஆரம்பிச்சது 1978ல். அதுக்கு முன்னாடி பிறந்தவங்களில் பெண்களுக்காவது பிரசவத்தப்போ ஊசி கிடைச்சிருக்கும். ஆம்பளைங்களுக்கு? இதை எழுதும்போது அப்பாவைக் கேட்டேன். "ஆணி குத்தினப்போ ஒண்ணு போட்டாங்கடா. அது எந்த வருஷம்னு யாருக்கு ஞாபகம்"னார். நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்.