ராட்டினம் ஏறப் போறீங்களா? மேலே பார்க்கும் முன்னாடி கீழே பாருங்க!

பங்குனி வந்தால் அருப்புக்கோட்டையில் முத்துமாரியம்மன் கோயில் பொங்கல். பொங்கல் என்றால் கூடவே பொருட்காட்சி. திருச்சுழி, காரியாபட்டி, பந்தல்குடி பக்கத்துக் கிராமங்களில் இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, அப்புறம் ராட்டினம்!

சில நாட்களுக்கு முன்பு வரை பொட்டலாகக் கிடந்த மைதானத்தில் மாடிக் கட்டடம் உயரத்துக்கு ராட்டினம் எப்படி எழும்புகிறது? அது எப்படிச் சுற்றுது? ஏறும் முன் நாம் எதைக் கவனிக்கணும்? வாங்க பார்க்கலாம்.

பூங்கா ராட்டினமும் பொருட்காட்சி ராட்டினமும் ஒன்றா?

இல்லை. நிரந்தரப் பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினத்துக்கு கான்கிரீட் அடித்தளம் உண்டு. ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் அதே இடம்தான். பொருட்காட்சி ராட்டினம் ஊர் ஊராக லாரியில் போவது. ஒவ்வொரு ஊரிலும் பிரித்துக் கட்டணும். அதாவது ஒவ்வொரு ஊரிலும் அது புது ராட்டினம் மாதிரிதான். போன ஊரில் ஒழுங்காக ஓடியது என்பது இந்த ஊருக்கு உத்தரவாதம் ஆகாது.

முதல் வேலை: தரை

தூண்களை நேராகத் தரையில் ஊன்ற மாட்டார்கள். கனமான மரக்கட்டைகளைப் பரப்பி, அதன் மேல் இரும்புச் சட்டத்தை வைப்பார்கள். மொத்த எடையும் ஒரே புள்ளியில் இறங்காமல் பரவுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. ரசமட்டம் வைத்துப் பார்த்து, பள்ளமான பக்கத்தில் கட்டை கொடுத்துச் சமன் செய்வார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் மண் முக்கியம். இந்தப் பகுதியில் பல இடங்களில் கரிசல் மண். காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும், நனைந்தால் உப்பி இளகும். பங்குனி வெயிலில் பாறை மாதிரி இருக்கும் தரை, ஒரே ஒரு கோடை மழையில் குணம் மாறிவிடும். ஒரு கால் கொஞ்சம் அமிழ்ந்தாலும் அச்சு சாயும். அதனால் மழை பெய்த மறுநாள், ராட்டினத்தை ஓட்டும் முன் மட்டத்தைத் திரும்பப் பார்ப்பது கட்டாயம்.

சின்ன மோட்டார் எப்படிச் சுற்றுகிறது?

தரைக்கு அடுத்தது எடைச் சமநிலை. ராட்டினத்தின் எதிரெதிர்ப் பெட்டிகள் தராசுத் தட்டு மாதிரி. இருபக்கமும் எடை சமமாக இருந்தால், மோட்டார் சுழற்றி விட்டாலே போதும், மொத்த எடையையும் தூக்க வேண்டியதில்லை. பல ராட்டினங்களில் டயர் உருண்டு சக்கரத்தை உரசித் தள்ளும். சிலவற்றில் கம்பி வடம் இழுக்கும்.

ஆள் ஏற்றும்போது பக்கத்துப் பெட்டியை விட்டுவிட்டு எதிர்ப் பெட்டிக்குச் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான். ஒரு பெட்டியில் 60 கிலோ எடையுள்ள 4 பேர் என்றால் 240 கிலோ. அடுத்தடுத்த 3 பெட்டிகளை நிரப்பி, எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டால் ஒரே பக்கம் 720 கிலோ. சக்கரம் அந்தப் பக்கமாக இழுக்கும், பிரேக் திணறும்.

1893-இல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் பெர்ரிஸ் நிறுவிய ராட்டினம் 264 அடி உயரம், 36 பெட்டிகள். அதிலும் இதே கணக்குதான்.

கொலம்பஸில் வயிறு ஏன் கலங்குது?

கொலம்பஸ் கப்பல் ஒரு பெரிய ஊஞ்சல். கீழே உள்ள டயர், கப்பல் கடக்கும்போதெல்லாம் ஒரு தள்ளு தள்ளும். நிறுத்துவதும் பெரும்பாலும் அதே டயர்தான். டயர் நனைந்தால் பிடிமானம் குறையும். மழையில் ஓட்டக்கூடாது என்பது இதனால்தான்.

கப்பல் இருபுறமும் 60 டிகிரி வரை ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் உட்கார்ந்திருக்கும் 60 கிலோ ஆள், உச்சியில் இருக்கையை அழுத்துவது வெறும் 30 கிலோ அளவுக்கு. கீழே வரும்போது 120 கிலோ! இந்த ஏற்ற இறக்கம்தான் வயிற்றைக் கலக்குது. ஓர வரிசையில் இருப்பவர்கள் இன்னும் செங்குத்தாகப் போவதால், இருக்கையை விட்டே எழும்புவது போல் இருக்கும். அந்த நொடியில் நம்மைப் பிடித்து வைத்திருப்பது மடி மேல் இருக்கும் கம்பி மட்டும்தான்.

யார் சரிபார்க்கணும்?

பொருட்காட்சி ராட்டினத்துக்கு பொதுப்பணித்துறை, மின் ஆய்வுத்துறை, தீயணைப்புத்துறை, காவல்துறை எனப் பல துறைகள் பார்த்து அனுமதி தரவேண்டும். ஆனால் அது ஒருநாள் சோதனை. தினமும் முதல் ஆள் ஏறும் முன் போல்ட், பூட்டுப் பின், கம்பி, பிரேக் எல்லாவற்றையும் இயக்குபவர்களே பார்க்கணும். பிறகு ஆளில்லாமல் ஓட்டிப் பார்க்கணும். எடை தேவையென்றால் மணல் மூட்டை வைக்கணும்.

இது ஏன் முக்கியம்? 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் விழுந்தது. ஏறியிருந்தவர்கள் ஊழியர்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்றது. சில மணி நேரம் சிக்கித் தவித்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் பத்திரமாக இறக்கினர். நிரந்தரப் பூங்காக்களிலேயே இந்த நிலைமை என்றால், வாராவாரம் பிரித்துக் கட்டும் ராட்டினத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

டிக்கெட் வாங்கும் முன் 6 விஷயங்கள்

1. அடிக்கட்டைகளைப் பாருங்க. நகர்ந்திருந்தாலோ, சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தாலோ ஏறாதீங்க.

2. ஒரு சுற்று நின்று கவனிங்க. சட்டம் ஆடினாலும், உலோகம் உரசும் சத்தம் கேட்டாலும் வேண்டாம்.

3. கம்பியை ஊழியர் மாட்டிய பிறகு நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்க. பூட்டாமல் ஓட்ட ஆரம்பித்தால் உடனே சத்தம் போடுங்க.

4. "ஒருத்தர்தானே, அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால் சம்மதிக்காதீங்க. உயர அளவுக்கு வராத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டும் ஏறாதீங்க.

5. துப்பட்டா, சேலை முந்தானை, தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்க. செல்ஃபிக்காக எழுந்து நிற்காதீங்க.

6. காற்று பலமாக அடித்தாலோ, மழை தூறினாலோ இறங்கிவிடுங்க. நடுவில் நின்றுவிட்டால் கம்பியைத் திறக்காதீங்க, தாவ முயலாதீங்க. 112-க்கு அழைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருங்க.

டிக்கெட் கிழிச்சாச்சே, காசு போயிடுமே என்று யோசிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பளக் கடைப் பக்கம் நடையைக் கட்டுங்க. பொருட்காட்சி அடுத்த பங்குனிக்கும் வரும்.