காமிராமேன் வராத திரையிடல்

டாக்குமெண்டரி திரையிடல்னா அதுக்குன்னு ஒரு சம்பிரதாயம் இருக்கு. படம் முடிஞ்சதும் லைட்டைப் போடுவாங்க. முன்னாடி ரெண்டு பிளாஸ்டிக் சேர் வரும். மைக் ஒருதரம் கீச்சுனு கத்தும். அப்புறம் "இயக்குநருடன் கலந்துரையாடல்". ஒளிப்பதிவாளர் வந்திருந்தா ஓரமா நிப்பார். கடைசியில யாராவது ஒருத்தர் "என்ன காமிரா சார் யூஸ் பண்ணீங்க?"ன்னு கேட்பார். அதோட டீ, பிஸ்கட். (பிஸ்கட்டுக்காகவே வர்ற கோஷ்டி எல்லா ஊர்லயும் உண்டு. அதை விடுங்க.)

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இயக்குநரை விட்டுட்டு காமிராமேன் பக்கத்துல போய் உட்காரணும்னு எனக்குத் தோணும். 'சிலியின் போர்'. இயக்குநர் பாட்ரிசியோ குஸ்மான், ஒளிப்பதிவு ஹோர்ஹே முல்லர் சில்வா. இந்தப் படத்தை உலகத்துல எத்தனையோ இடத்துல போட்டாங்க, குஸ்மானும் எத்தனையோ மேடையில பேசினார். முல்லர் ஒரு தடவைகூட வரலை. முதல் பாகம் 1975-ல் வெளியே வர்றதுக்கு முன்னாலேயே அவரைக் காணாமல் ஆக்கிட்டாங்க.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. 1970-ல் சிலியில் சல்வதோர் அயெந்தே தேர்தல்ல ஜெயிச்சு ஜனாதிபதியானார். (தமிழ்ல நாம அலெண்டேன்னே எழுதிப் பழகிட்டோம். ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க அடிக்க வருவாங்க.) ஓட்டுப் போட்டே சோஷலிசம் கொண்டு வரலாம்னு நம்பின மனுஷர். செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினார். அமெரிக்காவுக்குப் பொறுக்கலை. கடன் நின்னது, உதிரிப்பாகம் நின்னது. 1972 அக்டோபர்ல லாரி முதலாளிகள் ஸ்டிரைக் பண்ணி நாட்டையே முடக்கப் பார்த்தாங்க. எதிரே தொழிலாளிங்க ஃபாக்டரிகளைத் தாங்களே ஓட்ட ஆரம்பிச்சாங்க.

இதையெல்லாம் படம் பிடிக்கணும்னு குஸ்மானுக்கு வெறி. ஆனா பிலிம் இல்லை! சோப்பும் பிரெட்டும் கிடைக்காத ஊர்ல பிலிமுக்கு எங்க போறது? பிரான்ஸ்ல இருந்த இயக்குநர் கிறிஸ் மார்க்கருக்கு ஒரு லெட்டர் போட்டார். தன்னால ஆனதைச் செய்யறேன்னு அவர்கிட்டேர்ந்து பதில் வந்தது. கொஞ்ச நாள்ல கோடாக் கம்பெனியிலிருந்து ஒரு பார்சல். உள்ளே 43,000 அடி 16 எம்எம் கறுப்பு வெள்ளை பிலிம், கூடவே ஒலிநாடாக்கள்.

43,000 அடின்னா எவ்வளவுன்னு ஒரு சின்னக் கணக்கு. 16 எம்எம்ல நிமிஷத்துக்கு 36 அடி ஓடும். 400 அடிச் சுருள் ஒண்ணு பதினோரு நிமிஷத்துல காலி. மொத்தமும் சேர்த்தா இருபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாடு உடையறதைப் பல மாசம் கூடவே இருந்து எடுக்க, கையில இருக்கிறது இவ்வளவுதான். இப்ப நாம ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கே அவ்வளவு வீடியோ எடுத்துத் தள்ளுறோம். அதனால காமிராவை எப்போ ஓட விடணும், எப்போ நிறுத்தணும்கிறதே முல்லருக்குப் பெரிய பாடு. என்னென்ன எடுக்கணும்னு ஒரு திட்டம் எழுதி சுவத்துல ஒட்டி வெச்சிருந்தாங்களாம். மொத்தக் குழுவே அஞ்சு பேர். ஒரு எக்ளேர் காமிரா, ஒரு நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி.

குஸ்மானும் முல்லரும் வேலை செஞ்ச விதம் ரொம்ப விசேஷமானது. முல்லரோட கண்ணு வியூஃபைண்டர்ல இருக்கும். அந்தச் சின்னச் சதுரத்துக்கு வெளியே என்ன நடக்குதுன்னு அவருக்குத் தெரியாது. குஸ்மான் ஒட்டி நின்னுக்கிட்டு காதுல சொல்லிட்டே இருப்பார். இடது பக்கம் ஏதோ நடக்கப் போகுது, மெதுவா மேலே போ, இப்ப இறங்கு, இப்படி. நாலு கண்ணு, ஒரு காமிரா. இது தெரிஞ்ச பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தீங்கன்னா நிறைய இடத்துல சட்டுனு புரியும், காமிரா சம்பவத்துக்குப் பின்னாடி ஓடாம ஒரு அடி முன்னாடியே போய் நிக்கிறது ஏன்னு.

எனக்கு உறைஞ்சு போன இடம் ஒரு சாவு ஊர்வலம். 1973 ஜூலை 27 அன்னைக்கு அயெந்தேயோட கடற்படை உதவியாளர் கேப்டன் அர்த்துரோ அராயாவைச் சுட்டுக் கொன்னாங்க. அடக்கத்துக்கு ராணுவப் பெருந்தலைகள் எல்லாம் வந்து வரிசையா நிக்கறாங்க. முல்லர் பெட்டியை எடுக்கலை, அழுகிறவங்களை எடுக்கலை. அந்த அதிகாரிகளோட முகத்தை ஒண்ணொண்ணா, நிதானமா, கிட்டே போய் எடுக்கிறார். தொப்பி, மெடல், கையுறை. யாரும் யாரையும் பார்க்கலை. எல்லாரும் துக்கத்துல இருக்கிற மாதிரியும் தெரியுது, எதையோ கணக்குப் போடற மாதிரியும் தெரியுது. ஆறு வாரம் கழிச்சு நடக்கப் போறது தெரிஞ்ச நமக்கு வயித்தைப் பிசையுது. அன்னைக்கு அந்த முகங்கள்ல முல்லர் என்ன கண்டார்? கேக்கணும்னா இதைத்தான் கேக்கணும்.

முதல் பாகத்தோட முடிவைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. 1973 ஜூன் 29, ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஒரு ஒத்திகை மாதிரி டாங்கிகள் சாந்தியாகோ நடுவுல வருது. ஸ்வீடன் டிவிக்காக அர்ஜென்டினாக்காரர் லியோனார்டோ ஹென்ரிக்சன் படம் எடுத்துக்கிட்டிருக்கார். ஒரு சிப்பாய் நேரா லென்ஸைப் பார்த்துச் சுடறான். காமிரா ஆடுது, சாயுது, அவ்வளவுதான். தன்னைக் கொன்னவனைத் தானே படம் எடுத்துட்டுப் போன மனுஷர். இது முல்லர் எடுத்தது இல்லை. ஆனா இந்த ஷாட்டைத் தன் படத்துல வெச்சிருக்கிற குழுவோட காமிராமேனுக்கும் அடுத்த வருஷம் அதே கதிங்கிறது தெரிஞ்சா, அதுக்கு மேல பார்க்க முடியறதில்லை.

செப்டம்பர் 11. ஜனாதிபதி மாளிகை லா மொனேதா மேல விமானப்படை குண்டு போட்டது, அயெந்தே செத்தார், பினோஷே வந்தார். குஸ்மானைப் பிடிச்சு தேசிய விளையாட்டு அரங்கத்துல ரெண்டு வாரம் அடைச்சு வெச்சாங்க. எடுத்த சுருள் எல்லாம் அவரோட மாமா இக்னாசியோ வீட்டில் பதுக்கி இருந்தது. அங்கேர்ந்து ஸ்வீடன் தூதரகம், அங்கேர்ந்து கப்பல்ல ஸ்டாக்ஹோம். தூதர் ஹரால்ட் எடெல்ஸ்டாம் அந்த நாட்கள்ல எத்தனையோ உயிர்களைக் காப்பாத்தினவர். இந்தப் பெட்டிகளும் அந்தக் கணக்குல சேரும். குஸ்மான் வெளியேறி கியூபா போய், பெத்ரோ சாஸ்கெல்ங்கிற எடிட்டரோட உட்கார்ந்து மூணு பாகமாத் தொகுத்தார். 1975, 1976, 1979. மொத்தம் சுமார் நாலரை மணி நேரம்.

முல்லர் சிலியிலேயே இருந்தார். 1974 நவம்பர் 28 ராத்திரி சாந்தியாகோவில் ஒரு புதுப் படத்தோட முதல் காட்சி. மறுநாள் காலையில அவரும் காதலி கார்மென் புவேனோவும் ரோட்ல போகும்போது பினோஷேயின் ரகசியப் போலீஸ் 'தினா' தூக்கிட்டுப் போயிட்டாங்க. அவருக்கு வயசு 27, நடிகையான அந்தப் பொண்ணுக்கு 24. வில்லா கிரிமால்தி சித்திரவதை முகாம்ல ரெண்டு பேரையும் பார்த்ததாப் பிழைச்சு வந்தவங்க சாட்சி சொல்லியிருக்காங்க. அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

'காணாமல் போனவர்'னு நாம சுலபமா எழுதிடறோம், ஏதோ அவரே திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்ச மாதிரி. 'காணாமல் ஆக்கப்பட்டவர்'னு எழுதணும்னு தமிழுக்குக் கத்துக்கொடுத்தது, பிள்ளைகளோட போட்டோவை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஈழத்து அம்மாக்கள்தான். 2017 பிப்ரவரியில கிளிநொச்சியில தொடங்கின அந்தப் போராட்டத்தைப் பார்த்தவங்களுக்கு சிலி ரொம்ப தூரத்து ஊர் இல்லை.

குஸ்மான் 1990-களில் இந்தப் படத்தோட பிரதியைத் தூக்கிக்கிட்டு சிலிக்குத் திரும்பிப் போனார். சர்வாதிகாரம் போயிடுச்சு, ஆனா படத்தை அங்கே யாரும் வெளியிடலை. அவரே பள்ளிக்கூடம், காலேஜ்னு போய்ப் போட்டுக் காட்டினார். சில இடத்துல வேண்டாம்னுட்டாங்க, பிள்ளைங்க மனசு கெட்டுடுமாம்! அந்தத் திரையிடல்களையும் படம் எடுத்துச் செஞ்சதுதான் 'சிலி, பிடிவாதமான நினைவு' (1997). கலந்துரையாடல்னா அதுதான் கலந்துரையாடல். சில பிள்ளைங்க ராணுவம் செஞ்சது சரின்னே வாதாடுதுங்க, பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிற மாதிரி. இன்னொரு கூட்டம் படம் முடிஞ்சதும் பேச வாய் வராம தேம்பித் தேம்பி அழுவுது. தங்க ஊர்ல, தங்க அப்பா அம்மா காலத்துல நடந்ததை அப்பத்தான் முதல்முதலாப் பார்க்குதுங்க.

சுருளைப் பதுக்கின மாமா இக்னாசியோ அதுல பியானோ வாசிக்கிறார். தள்ளாத வயசு. பீத்தோவனோட 'மூன்லைட் சொனாட்டா', நடுநடுவுல தடுமாறித் தடுமாறி.

முல்லரோட அப்பா ரோடோல்ஃபோவும் வர்றார். ஒளிப்பதிவாளர் உட்கார வேண்டிய நாற்காலியில அப்பா. இருபது வருஷத்துக்கு மேல பிள்ளையைத் தேடிக் களைச்ச முகம். பிள்ளை எடுத்த ஒவ்வொரு ஃபிரேமும் பத்திரமா இருக்கு, பிள்ளை எங்கேன்னு தெரியலை. அந்தக் காட்சியில குஸ்மான் கெட்டிக்காரத்தனமா எதுவும் பண்ணலை, சும்மா கேட்டுக்கிட்டிருக்கார். அதனாலேயே அவர் மேல எனக்கு மரியாதை கூடிச்சு.

சிலியில் நவம்பர் 29-ஐ இப்ப தேசிய சினிமா நாளாக் கொண்டாடறாங்க, முல்லரையும் கார்மெனையும் தூக்கிட்டுப் போன அதே தேதி. படத்தை அந்த நாட்டு டிவியில முதல் தடவையா முழுசாக் காட்டினது 2021 செப்டம்பர்ல, லா ரெட்ங்கிற சானல்ல. முதல் பாகம் வந்து 46 வருஷம் கழிச்சு.

பார்க்கறதா இருந்தா முதல் ரெண்டு பாகத்தோட நிறுத்திடாதீங்க. மூணாவதுல பெரிய சம்பவம் ஒண்ணும் கிடையாது, ஃபாக்டரிகள்ல தொழிலாளிங்க கூட்டம் போட்டு எதை எப்படிச் செய்யறதுன்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. பலருக்கு போர் அடிச்சிருக்கு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. கைவண்டி இழுத்துக்கிட்டு நடுரோட்ல ஓடற ஒரு ஆளை முல்லரோட காமிரா விடாம துரத்திக்கிட்டே போற நீளமான ஷாட் ஒண்ணு இருக்கு. எண்ணி எண்ணிச் செலவழிச்ச பிலிம்ல, ஒரு வண்டிக்காரருக்கு இவ்வளவு அடி.