இருபது ஆண்டு உறங்கிய மனிதன்

அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1819ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரிப் வான் விங்கிள்’ என்னும் கதையைப் பற்றி இன்று பேசலாம். இதுவும் நம் ஊரைப்போல மலையும் மூடுபனியும் சூழ்ந்த இடத்தில் நடக்கும் கதைதான்.

ரிப் நல்லவன்; அயலார்க்கு ஓடி ஓடி உதவுவான், சொந்த வீட்டு வேலை மட்டும் செய்யமாட்டான். மனைவியின் ஏச்சுக்குத் தப்பி, துப்பாக்கியும் நாயுமாகக் காட்ஸ்கில் மலைக்குப் போகிறான். அங்கே அந்நியர் சிலரின் மதுவைக் குடித்து உறங்கிவிடுகிறான். விழித்தபோது துப்பாக்கி துருவேறிக் கிடக்கிறது, நாயைக் காணோம், தாடி ஓர் அடி நீண்டிருக்கிறது. ஊருக்குள் போனால் அங்கே தேர்தல் நாள். “நீ எந்தக் கட்சி?” என்று கேட்கிறார்கள். அரசருக்கு விசுவாசமான குடிமகன் என்கிறான் அவன். உடனே ஒற்றன் என்று கூச்சலிடுகிறார்கள். அவன் உறங்கிய இருபது ஆண்டில் அமெரிக்கா ஆங்கிலேயருடன் போரிட்டு விடுதலை பெற்றுவிட்டது!

முதல்முறை படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மறுமுறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. சொந்த ஊரிலேயே ஒருவன் அந்நியனாகி நிற்பது வேடிக்கையா?

கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலை மலையில் ஒருவர் 1937இல் கண்ணயர்ந்து 1957இல் விழித்ததாக எண்ணிப் பாருங்கள். 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். நம்மவர் பல்லாயிரவரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போயினர். 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. 1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. “நீ எந்த நாட்டான்?” என்று அவரைக் கேட்டால், பிரிட்டிஷ் இந்தியா என்பார். அந்த நாடோ 1947லேயே மறைந்துவிட்டது.

ஆனால் நம் பெரியவர்கள் உறங்கியவர்கள் அல்லர். விடியற்காலைப் பெரட்டு முதல் கொழுந்து நிறுக்கும்வரை விழித்திருந்து உழைத்தவர்கள். அப்படியிருந்தும் பலர் குடியுரிமைக்கு மனுச் செய்யவில்லை. சிலரிடம் பத்திரம் இல்லை. சிலருக்கு மனுவை எழுதித்தர ஆளில்லை. என்றாவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று இருந்தவர்களும் உண்டு. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்ததும், குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை பெர்மிட் தேவையாயிற்று. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினர். ரிப்பை அடையாளம் காண ஊரில் ஒரு மூதாட்டி இருந்தாள். நாற்பது ஆண்டு கழித்து ஊர் திரும்பிய முதியவரை அங்கே யார் அடையாளம் கண்டிருப்பார்?

கதையில் ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உறங்கி எழுந்தவன் சாவடியில் அமர்ந்து கதை சொல்லி மகிழ்கிறான். அவன் இல்லாத காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றியவளோ, ஒரு வியாபாரியிடம் சண்டையிட்டு இறந்தாள் என்பதோடு முடிந்துபோகிறாள். சயாமுக்குப் போன கணவன் திரும்பாத நிலையில் பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிமார் எத்தனை பேர்! அவர்கள் கதையையும் யாராவது எழுத வேண்டாமா?

ஆகவே நேயர்களே, வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். குழந்தை பிறந்தவுடன் பதிந்து, பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அன்றே திருத்திக்கொள்ளுங்கள். நாளை நம் பிள்ளைகளை “நீ யார்?” என்று எவரும் கேட்டால், அவர்கள் திகைத்து நிற்கக்கூடாது.