கெட்டதும் கெடுத்ததும்

முத்துக்குளித்துறையில், 1549ஐ ஒட்டி, ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துக்கீஸியப் பாதிரியார் தம் மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயல் அவர் நெடுங்காலம் இருந்த ஊர். நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்க'த்தோடு நின்றுவிடுகிறார்கள். 'முதல் அச்சு' என்பதில் நமக்கு ஒரு பந்தயக் குதிரைப் பெருமை. இலக்கணமோ லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. வெர்மீர் அதைப் பதிப்பித்தது 1982இல். ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வந்தது.

லத்தீன் அச்சில் வார்த்த தமிழ் என்று இதை ஒதுக்குவது சுலபம். வார்த்ததுதான். ஆனால் அந்த அச்சு எங்கே பொருந்தாமல் போகிறது என்பதல்லவா விஷயம்?

போர்த்துக்கீஸியத்தின் உடன்பிறப்பான ஸ்பானிஷை எடுத்துக்கொள்வோம். 'ஆப்லோ' என்றால் நான் பேசுகிறேன். அழுத்தம் கடைசி அசைக்குப் போனால் அதுவே 'அவன் பேசினான்'. 'ஆப்லே' என்றால் நான் பேசினேன். காலம், இடம், எண் மூன்றும் ஒரே விகுதிக்குள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. ஒழுங்கான வினைகளுக்கு இறந்தகால விகுதி வரிசை இரண்டே இரண்டு. மனப்பாடம் செய்தால் தீர்ந்தது.

தமிழில் விகுதி கஷ்டமே இல்லை. செய்தேன், செய்கிறேன், செய்வேன்: 'ஏன்' அசையாமல் நிற்கிறது. சிக்கல் நடுவில். த், ட், ற், இன் என்று நன்னூல் இடைநிலைகளைச் சொல்லிவிடும்; எந்த வினைக்கு எது என்று பட்டியலிடாது. விடு, விட்டான், எடு, எடுத்தான். தமிழ் பேசியே வளர்ந்தவனுக்கு இந்தப் பட்டியல் எதற்கு? அந்நியனுக்குத்தான் அது வேண்டும். பின்னால் கிரௌல் வினைகளை வகுத்ததும், சென்னைப் பல்கலைக்கழக லெக்ஸிகன் வினைகளுக்குப் பக்கத்தில் வகை எண் போட்டதும் இந்த அந்நியத் தேவையின் வம்சம்தான். (எங்கள் லெட்ஜரிலும் பத்தி போதாதபோதுதான் புதுக் கோடு விழும்.)

ஹென்றிக்கஸின் தேவை பண்டிதத் தேவையல்ல. 1580இல் கொச்சியில் அவருடைய 'கொம்பெசியொனாயரு' அச்சாயிற்று; பாவசங்கீர்த்தனத்துக்கான புஸ்தகம். பாவசங்கீர்த்தனம் முழுக்க இறந்தகாலத்தில் நடப்பது. துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு கேட்பது சங்கடமானதும்கூட. எதிரே மண்டியிட்ட பரதவன் 'கெட்டேன்' என்கிறானா, 'கெடுத்தேன்' என்கிறானா? பகுதி ஒன்று, விகுதி ஒன்று. நடுவிலுள்ள ஒலியைத் தவறவிட்டால் பாதிரியார் வேறொரு பாவத்துக்கு மன்னிப்புக் கொடுத்தனுப்புவார்.